இன்னிக்கி யாரு காடு?

கோப்பையை நான் கொடுக்கவில்லை. இனிமேல் கூப்பிட்டாலும் கொடுக்க மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் நடந்த கால்பந்துப் போட்டியில் நான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி உங்களில் பலர் போன் போட்டுக் கேட்டுவிட்டீர்கள். “இந்த வயசுல இன்னாய்யா உனக்கு இவ்ளோ வீம்பு?” என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஒருவர் எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டதோ என்று விசாரித்தார். சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. கோபம்தான் கட்டுக்குள் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். பழைய ஆட்டக்காரன் என்று மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். ‘சிறந்த முன்கள வீரர்’ என்று ஒலிபெருக்கியில் ஒரு பையன் பெயரைச் சொல்லி, என் கையில் பளபளவென்று ஒரு கோப்பையைத் திணித்தார்கள். எதை வைத்து இவன் சிறந்தவன் என்று அமைப்பாளரைக் கேட்டேன். “ஜாஸ்தி கோல் போட்டது இவன்தான் சார்” என்றார். நானும் அந்த ஆட்டத்தை முதலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதிர் அணியின் தடுப்பாட்டக்காரர்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு ஓரமாக ஓடி ஓடி இந்தப் பையனுக்கு வழி திறந்துவிட்ட ஒரு பொடியன் இருந்தான். அவன் ஒருமுறைகூடக் கோலுக்கு அடிக்கவில்லை. அவன் பெயரைக் கேட்டேன். மேடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

பரிசு வாங்க வந்த பையன் முகம் சுருங்கிப்போனது உண்மைதான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் கோபம் அவன் அப்பன் பிறப்பதற்கும் முந்தையது. பழைய விடுதி மாணவர் சங்கத்து ஆட்கள் நீங்களெல்லாம் விடுதிச் சோறு தின்று வளர்ந்தவர்கள். உங்களுக்காவது புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை எழும்புகிற இடத்தில் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். பக்கத்திலேயே விடுதி. எட்டாம் வகுப்போடு சரி. என்னைப் போலக் களமருதூர், தியாகதுருகம் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர். மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் மீதிப் பேர். தேசத்துக்குச் சுதந்திரம் வந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அது மலை ஏறவில்லை. மேலே இன்னும் ஜாகீர்தார்கள் வைத்ததுதான் சட்டம். காலையில் எங்களுக்குக் கூழ், மத்தியானம் மஞ்சள் சோள ரவை உப்புமா. அந்த உப்புமாவில் வண்டும் சாக்கும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் மூடிக் கிடந்த அறை எதையாவது திறந்தால் எனக்குப் பசிக்கிறது.

விடுதிக்கு ஒரே ஒரு பந்து. இந்தக் காலத்துப் பந்து இல்லை. கனத்த தோல், நடுவில் வாய் பிளந்து, உள்ளே ரப்பர் பிளாடரைத் திணித்து, தோல் வாரால் இழுத்துக் கட்டுவது. தலையால் முட்டினால் நெற்றியில் வார்த் தடம் பதியும். மழையில் நனைந்தால் பாறாங்கல். விளக்கெண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைப்போம். மைதானமோ மைதானமே இல்லை. மலைப்பக்கம் ஏறி, மறுபக்கம் சரிந்து, முள்ளுக் காட்டில் முடியும். அதற்குக் கீழே ஓடை. தூக்கி அடித்தால் பந்து ஓடைக்குப் போய்விடும். அடித்தவனே முள்ளுக்குள் இறங்கி எடுத்து வர வேண்டும். அதனால் எங்களில் யாருக்கும் தூக்கி அடிக்கிற பழக்கமே வரவில்லை. பந்து தரையை விட்டு எழும்பாது. காலிலிருந்து காலுக்குப் போகும்.

அந்தக் காலத்து முறைப்படி பின்னால் தடுத்தாட இரண்டு பேக், நடுவே மூன்று ஹாஃப், முன்னால் ஐந்து ஃபார்வர்டு. இடது ஓரத்தில் நிற்பவன் லெஃப்ட் அவுட். அவனுக்கு உள்பக்கம் லெஃப்ட் இன். நடுவில் சென்டர். அப்புறம் ரைட் இன். வலது ஓரத்தில் ரைட் அவுட். டிரில் மாஸ்டர் எங்களை இடத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நாளடைவில் நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். “சென்டரு, நகந்து உக்காருடா” என்று சாப்பாட்டுப் பந்தியில்கூட அதுதான் பெயர். நான் ரைட் இன்.

லெஃப்ட் இன் மலைக்காரன். ஒல்லி. பாதம் மட்டும் அகலம். ஓடும்போது பந்தைப் பார்க்கவே மாட்டான். எதிராளி பேக்கின் இடுப்பைப் பார்ப்பான். இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அவனைத் தோளோடு உரசிக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அவர்கள் போன இடத்தில் ஒரு வாசல் திறந்திருக்கும். அதன் வழியாக நாங்கள் புகுந்து கோல் போடுவோம். போட்டவனைத் தூக்கிக்கொண்டு ஆடுவோம். லெஃப்ட் இன் அந்தப் பேக்கோடு சேர்ந்து எங்கேயாவது கீழே விழுந்து கிடப்பான்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. கோபத்திலும் அதைச் சொல்லிவிட வேண்டும். கான்வாஸ் ஷூவுக்குச் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக்கி, சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, வெயிலில் எங்களோடு ஓடுவார். எங்கள் விலா எலும்பைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. தன் வீட்டுக் கோழி போட்ட முட்டையைக் கொண்டுவர ஆரம்பித்தார். மேட்ச் அன்றைக்கு ஒரு முட்டை. சமையல்காரம்மா அவித்து வைத்திருப்பார். “கோல் போடறவனுக்குதான்டா முட்டை” என்று சொல்லிவிட்டார் மாஸ்டர். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

அந்த முட்டை எங்களைக் கெடுத்தது. வீட்டில் கோழி வளர்த்தாலும் முட்டையை விற்கிற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள். முழு முட்டை என்பது காய்ச்சல் வந்தால் கிடைப்பது. அதுவும் எல்லாக் காய்ச்சலுக்கும் இல்லை. பந்து கிடைத்தவன் கொடுக்க மாட்டான். கொடுத்தாலும் வாங்கியவன் திரும்பித் தர மாட்டான். ரிஷிவந்தியத்துப் பையன்களோடு ஆடிய ஒரு ஆட்டத்தில், கோலுக்கு நேர் எதிரே சென்டர் காலிலிருந்த பந்தை ரைட் அவுட் பிடுங்கினான். நான் ரைட் அவுட்டை இடித்தேன். எங்கள் ஆட்கள் மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். எதிர் அணி கோல்கீப்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தோற்றுத் திரும்பினோம். முட்டையை மாஸ்டர் திரும்ப வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு ஓடையில் சேறு கழுவிக்கொண்டிருந்தபோதுதான் லெஃப்ட் இன் பேசினான்.

“ஒரு முட்டைக்கு அடிச்சிக்கினு சாவறீங்களே. எங்க ஊர்ல இப்டி இருந்தா ஒருத்தன் காடும் அறுப்பு ஆவாது.”

“காட்டுக்கும் முட்டைக்கும் இன்னாடா?” என்றான் சென்டர்.

மலையில் காடு என்றால் அவர்கள் விதைக்கிற மேட்டு நிலம். சாமை அறுப்பு வந்தால் ஒரு நாளைக்கு ஒருவர் காடு என்று முறை வைத்துக்கொள்வார்களாம். அன்றைக்கு ஊரே அந்தக் காட்டில் இறங்கி அறுக்கும். அறுப்பவர்களுக்கெல்லாம் காட்டுக்காரன் வீட்டில் சோறு. மறுநாள் அடுத்தவன் காடு. “காலைல எழுந்தா மொத பேச்சே அதான். இன்னிக்கி யாரு காடுன்னு கேட்டுக்கினுதான் அருவாள எடுப்பாங்க” என்றான்.

“எங்கப்பனுக்கு வரப்புகூட கெடயாது. எங்கள எதுக்குடா சேக்கற?” என்றான் ரைட் அவுட்.

“கோலுதான்டா காடு. இன்னிக்கி உன்துன்னா அஞ்சு பேரும் உனக்கு வேல செய்வோம். முட்ட உன்து. உன் காட்டுல வேல செஞ்சவனுக்கு நீதான சோறு போடணும்? அஞ்சா வெட்டிக் குடு.”

சென்டர் சந்தேகக்காரன். “சரி, ஒருத்தன் தன் காட்டுக்கு எல்லாரையும் கூட்டிக்கினு, அடுத்தவன் காட்டுக்கு வராம போயிட்டான்னா?”

லெஃப்ட் இன் கொஞ்சம் யோசித்தான். “அப்டி ஒருத்தன் எங்க ஊர்ல இல்ல” என்றான்.

அதற்கப்புறம் எங்களை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஆட்டம் தொடங்குமுன் ஐந்து பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்போம். “இன்னிக்கி யாரு காடு?” என்று ஒருவன் கேட்பான். முறைக்காரன் கையைத் தூக்குவான். எதிர் அணிக்காரர்கள் போன ஆட்டத்தில் கோல் போட்டவனைச் சுற்றி நிற்பார்கள். பந்து அன்றைய காட்டுக்காரனிடம் போய்ச் சேரும். அவன் தவறவிட்டாலும் யாரும் திட்ட மாட்டோம். திரும்ப அவனுக்கே கொண்டுபோவோம். ஆட்டம் முடிந்ததும் சமையல்காரம்மா தன் புடவைத் தலைப்பிலிருந்து ஒரு நூலை இழுத்துத் தருவார். அந்த நூலால் முட்டையை ஐந்தாக அறுப்போம். மஞ்சள் கரு உதிராமல் அறுக்க ரைட் அவுட்டுக்கு மட்டும்தான் வரும். ஒரு துண்டு நாக்கில் பட்டதும் கரைந்துவிடும். ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் ஒரு துண்டு உண்டு.

ஒருநாள் மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டு இது என்ன கூத்து என்று கேட்டார். லெஃப்ட் இன் எல்லாவற்றையும் சொன்னான். மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அடப் பாவிங்களா, நான் படிச்ச புஸ்தகத்துலகூட இது இல்லியேடா” என்று அவன் மண்டையைத் தட்டினார். அவருக்கு முழுக்கத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எட்டாம் வகுப்பு முடிகிற சமயம். கள்ளக்குறிச்சியில் போட்டி வைக்கப்போகிறார்கள், கடலூர் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று சேதி வந்தது. எடுபட்டால் அங்கேயே சாப்பாடு, துணிமணி, ஹைஸ்கூல் படிப்பு. எனக்கு விழுப்புரத்தில் ஒரு மாமா இருந்தார். அவர் வீட்டில் தங்கிப் படிக்கலாம் என்று பேச்சு இருந்தது. சென்டருக்கு அண்ணன் இருந்தான். ஓரத்தில் ஆடிய இரண்டு பேருக்கும் ஏதோ ஒரு சொந்தம், ஏதோ ஒரு வழி. லெஃப்ட் இன்னுக்கு ஒன்றும் இல்லை.

அவன் அப்பா கடுக்காய் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். மாஸ்டருக்கு முன்னால் செருப்பில்லாத காலைச் சேர்த்து வைத்து நின்றார்.

“இவனக் கடலூர்ல எடுத்துக்கினாங்கன்னா படிக்கட்டும் சாமி. எடுக்கலன்னா ரிஷிவந்தியத்துப் பக்கம் ஒரு பண்ணைல மாடு பாக்கக் கேட்டுக்கினு இருக்காங்க. அங்க வுட்டுடறேன்.”

“எடுக்காம எங்க போறாங்க? நான் இருக்கேன், நீங்க போங்க” என்றார் மாஸ்டர். அந்த மனிதர் கும்பிட்டுவிட்டுப் போனார். லெஃப்ட் இன் அன்றைக்கு இரண்டு தட்டு உப்புமா தின்றான்.

கரும்பு ஏற்றிப்போன லாரியில் தொற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனோம். வழியெல்லாம் வெல்லம் காய்ச்சுகிற வாசனை. மைதானத்தைப் பார்த்துத் திகைத்துப்போனோம். தட்டையாக இருந்தது. பந்தை வைத்தால் வைத்த இடத்திலேயே நின்றது. சென்டர் அதைச் சும்மா வைத்து வைத்துப் பார்த்தான்.

வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டுத் தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். கடலூரிலிருந்து வந்தவர். பக்கத்தில் போட்டிக்குப் புரவலரான அரிசி மில் முதலாளி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தட்டு நிறைய வறுத்த வேர்க்கடலை. தேர்வாளர் கடலையை உடைப்பார், தோலை ஊதுவார், முதலாளியோடு பேசுவார். கூச்சல் கேட்டால் தலையைத் தூக்குவார். அதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும். “யார் போட்டது?” என்று கேட்பார். யாராவது சொல்வார்கள். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பக் கடலைக்குப் போய்விடுவார். ஐயா, ஐந்து பேர் உழுது, விதைத்து, களை பறித்து, அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்ததில் அவர் பார்த்தது கடைசி உதை மட்டும். அதை வைத்து ஐந்து பிள்ளைகளின் தலைவிதியை எழுதப் போகிறவர் அவர்.

முதல் ஆட்டம் ரைட் அவுட் காடு. இரண்டாவது ஆட்டம் சென்டர் காடு. இரண்டிலும் ஜெயித்தோம். மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலச் சோறு தின்றுகொண்டிருந்தபோது தேர்வாளர் பேசுவது காதில் விழுந்தது.

“அந்த மலையடிவாரத்துப் பசங்க ஜெயிச்சிக்கினே வரானுங்க. ஆனா அதுல ஆளு யாருன்னு புரியலியே. மொத மேட்ச்ல ஒருத்தன் போட்டான். இதுல வேற எவனோ போடறான்.”

“டவுன் டீம்ல ஒரு பையன் இருக்கான் பாருங்க. அடிச்சான்னா மேகத்துக்குப் போவுது” என்றார் முதலாளி.

லெஃப்ட் இன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். சென்டர் எங்களை இழுத்து வைத்துக் குசுகுசுத்தான். “கடைசி மேட்ச்ல எல்லா பாலும் அவனுக்கேடா. அவனே போடட்டும். அப்ப தெரியும்ல ஆளு யாருன்னு.”

இறுதி ஆட்டம் என் காடு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “குடுத்துட்டேன்” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. லெஃப்ட் இன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான்.

டவுன் டீமோடு ஆட்டம். அந்த மேகத்துப் பையன் எங்கிருந்து பந்து வந்தாலும் தூக்கி அடித்தான். ஜனம் ஓவென்று கத்தியது. பந்து பெரும்பாலும் ரோட்டுக்குப் போனது. ஒருமுறை எங்கள் கோல்கீப்பர் கண்ணில் வெயில் பட்டு உள்ளே விழுந்தது. நாங்கள் எங்கள் வேலையைச் செய்தோம். இதுவரை பேக்கை அழைத்துக்கொண்டு போன லெஃப்ட் இன்னுக்கு இப்போது நாங்கள் நாலு பேரும் பேக்குகளை அழைத்துக்கொண்டு போனோம். அவன் முதல் கோலைப் போட்டான். சந்தோஷப்பட்டான். இரண்டாவதைப் போட்டதும் முகம் மாறியது. என்னிடம் ஓடி வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான்.

“இன்னிக்கி உன் காடுடா! எனக்கே ஏன்டா குடுக்கறீங்க?”

“போடுடா, பேசாம போடு” என்றேன்.

மூன்றாவது முறை பந்து அவனிடம் வந்தபோது எதிரே ஒருவரும் இல்லை. கோல்கீப்பர் ஒரு ஓரத்தில் விழுந்து கிடந்தான். சும்மா தட்டினால் போதும். அவன் தட்டவில்லை. பந்தை மிதித்து நிறுத்திவிட்டு, திரும்பி, என்னைத் தேடினான். எனக்குத் தள்ளிவிட்டான். நான் அவனுக்குத் திருப்பித் தள்ளினேன். அவன் மறுபடியும் எனக்குத் தள்ளினான். ஜனம் சிரிக்க ஆரம்பித்தது. “உன்துடா!” என்று அவன் கத்த, “உன்துடா!” என்று நான் கத்த, எழுந்து வந்த கோல்கீப்பர் காலில் பட்டு, லெஃப்ட் இன் முழங்காலில் பட்டுப் பந்து உள்ளே போனது. அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுத் தேர்வாளர் தலையைத் தூக்கினார். அன்றைக்கு எங்கள் ஆட்டத்தில் அவர் முழுசாகப் பார்த்தது அதை மட்டும்தான்.

ஜெயித்தோம். மரத்தடியில் ஐந்து பேரையும் வரிசையாக நிற்கவைத்தார்கள். மாஸ்டர் எங்கள் பக்கத்தில் நின்றார். ஷூவில் சுண்ணாம்பு கலைந்து புழுதி ஏறியிருந்தது.

“உங்க அஞ்சு பேர்ல நல்ல ஆட்டக்காரன் யார்ரா?” என்று தேர்வாளர் கேட்டார்.

நாலு கைகளும் லெஃப்ட் இன்னைக் காட்டின. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. சந்தோஷத்தால் என்று நினைத்தேன். அத்தனையும் ஆத்திரம்.

“இல்ல சார். இன்னிக்கி இவன் காடு சார்” என்று என்னைக் காட்டினான். “இவனுங்க எல்லாம் சேந்து முறைய மாத்தி என்ன ஏமாத்திட்டானுங்க. அந்த கோலுங்க என்துல்ல.”

தேர்வாளர் முதலாளியைப் பார்த்தார். “போட்டவனே என்துல்லன்றான். காடுன்றான். ஏமாத்திட்டானுங்கன்றான். பைனல்ல நின்னு வெளையாட்டு காட்டறானுங்க பாருங்க” என்று சிரித்தார். முதலாளி அதைவிடப் பெரிதாகச் சிரித்தார்.

ஒரே ஒரு கேள்வி. காடென்றால் என்னடா தம்பி என்று அந்த மனிதர் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கடலை உடைக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. கேட்கவில்லை. கேட்காமலே பதில் தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரைத்தான் நான் பார்த்தேன். லெஃப்ட் இன் பார்த்ததும் அவரைத்தான்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “யாரு போட்டாலும் டீம் கோலுன்னுதான் சார் பசங்களப் பழக்கி வச்சிருக்கேன். அதான் அப்டி சொல்றான். எல்லாம் ட்ரெயினிங் சார்” என்றார்.

பழக்கி வைத்தாராம். அந்தப் பையன் ஓடைத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டே எங்களுக்குச் சொன்னதை, அவன் அப்பன் பாட்டன் அரிவாளோடு கடைப்பிடித்ததை, இவர் பழக்கி வைத்தாராம்.

தேர்வாளர் முகம் மலர்ந்தது. “அப்டின்னா பாராட்ட வேண்டியது உங்களத்தான் மாஸ்டர். பசங்கள்ல தனியா ஒருத்தனும் தெரியல. உங்க வேல நல்லா தெரியுது.”

சாயங்காலம் பெயர்களை வாசித்தார்கள். மேகத்துக்கு அடித்த பையன் எடுபட்டான். இன்னொரு ஊர்க் கோல்கீப்பர் எடுபட்டான். எங்கள் அணியில் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. கொஞ்ச நாளில் கடலூர் விளையாட்டு விடுதிக்குப் பயிற்சியாளராக வரும்படி மாஸ்டருக்கு அழைப்பு வந்தது.

உங்களில் சிலர் இப்போதே அவருக்காகப் பரிந்து பேச வாயெடுப்பீர்கள். மாஸ்டருக்கும் குடும்பம் இருந்தது, பெரிய மனிதர் முன்னால் நாக்கு எழவில்லை, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது என்பீர்கள். எல்லாம் நானும் யோசித்துப் பார்த்தாகிவிட்டது. அவர் பொய் சொல்லக்கூட நினைக்கவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. தினமும் வெயிலில் எங்களோடு ஓடியதில், இது தன் பயிற்சிதான் என்று அவரே நம்பியிருப்பார். முட்டை கொடுத்தவருக்கு அந்த உரிமை இல்லையா என்றுகூட நினைத்திருப்பார். எல்லாம் புரிகிறது. கோபம் மட்டும் ஒரு தூசி அளவுகூடக் குறையவில்லை.

மாஸ்டர் புறப்படுகிற அன்று தகரப் பெட்டியோடு விடுதிக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. சமையல்காரம்மாவிடம் கொடுத்து அவிக்கச் சொன்னார். எங்களைக் கூப்பிட்டு நிற்கவைத்து, ஆளுக்கு ஒரு முழு முட்டை கொடுத்தார். சென்டர் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். நான் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “இன்னா ரைட் இன்னு, கோவமா?” என்று என் சட்டைப் பையில் முட்டையைப் போட்டார். சுட்டது.

லெஃப்ட் இன் மட்டும் சாதாரணமாக வாங்கினான். தோலை உரித்து, நிதானமாகக் கடித்து, முழுசாகத் தின்று முடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

“இன்னிக்கி உங்க காடா சார்?” என்றான்.

மாஸ்டருக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். அவன் கிண்டல் செய்யவில்லை. அவனுக்கு அது வராது. அவன் கணக்கு நேரானது. நாங்கள் ஐந்து பேரும் வேலை செய்தோம். விளைச்சல் மாஸ்டருக்குப் போனது. காட்டுக்காரர் முறைப்படி வந்து சோறு போடுகிறார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அடுத்து என்ன என்பதுதான் அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது.

“அப்ப நாளைக்கி எங்க காட்டுக்கு வருவீங்கல்ல சார்?”

கச்சிராயபாளையம் பக்கமிருந்து பஸ் வருகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். “வரேன்டா. கண்டிப்பா வரேன்” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். சுண்ணாம்பு பூசிய வெள்ளை ஷூ. ரோடு வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வரவில்லை. கடலூர் போனவர் ஒரு வார்த்தை சொல்லி அந்தப் பையனை அங்கே சேர்த்திருக்கலாம். இரண்டு ஆட்டம் ஆடவிட்டுப் பாருங்கள் என்று கேட்டிருக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை. லெஃப்ட் இன்னின் அப்பா மறுபடி மலையிலிருந்து இறங்கி வந்தார். இந்தமுறை கடுக்காய் மூட்டை இல்லை. மகன் கையைப் பிடித்துக்கொண்டு ரிஷிவந்தியத்துப் பக்கம் நடந்து போனார். எங்கள் பந்தை அடுத்த வருஷம் எலி தின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். விளக்கெண்ணெய் வாசனைக்கு வந்திருக்கும்.

நான் விழுப்புரம் போய்ப் படித்து, பஸ் கண்டக்டர் ஆனேன். ஆரம்பத்தில் எனக்குக் கிடைத்தது கள்ளக்குறிச்சியிலிருந்து ரிஷிவந்தியம் போகிற வழித்தடம். ஒருநாள் தியாகதுருகம் தாண்டி ரோட்டை மறித்துக்கொண்டு மாடுகள் போயின. டிரைவர் ஆரன் அடித்தார். மாட்டுக்காரன் அவசரப்படாமல் ஒரு காளையின் இடுப்பையே பார்த்தபடி, தோளால் அதை உரசிக்கொண்டு ஓரத்துக்கு அழைத்துப் போனான். மற்ற மாடுகள் அதன் பின்னால் போயின. பஸ்ஸுக்கு வழி திறந்தது.

படியில் தொங்கிக்கொண்டு கத்தினேன். “டேய்! இன்னிக்கி யாரு காடு?”

அவன் திரும்பினான். அடையாளம் தெரிந்துகொண்டான். பல் தெரியச் சிரித்தான்.

“இங்க தெனமும் ஒரே ஆளு காடுதான்டா” என்றான்.

பஸ் நகர்ந்துவிட்டது. முன் சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர், “யாருப்பா அது, தெரிஞ்சவரா?” என்று கேட்டார்.

“எங்க டீம் லெஃப்ட் இன்னுங்க.”

“அப்டின்னா இன்னா வேல?”

நான் விசிலை எடுத்து வாயில் வைத்து, பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து உட்காரும்படி ஊதினேன்.